எல்லையில் மயங்கும் சொற்கள்

தமிழில் எட்டு எழுத்துகளை மயங்கொலி என்பார்கள்: ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தமிழருக்கு இந்த எட்டோடு சிக்கல் முடிவதில்லை. அங்கே சொல் ஒன்றாகவே ஒலிக்கும். பொருள் மட்டும் மொழிக்கு மொழி மாறும்.

'எஸ்டேட்டில் கடும் பனி' என்று சொன்னால் தமிழர் ஸ்வெட்டரைத் தேடுவார், மலையாளி மருந்தைத் தேடுவார். மலையாளத்தில் பனி என்பது காய்ச்சல். நமக்கு வெள்ளம் ஊரை அடித்துப் போவது, அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீர். விஷமம் நமக்குக் குறும்பு, அவர்களுக்கு மனவருத்தம். தேனிப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் வரும் பட்டி, மலையாளத்தில் நாய். 1956 மாநிலப் பிரிப்பில் சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்கெல்லாம் வீட்டில் ஒரு பொருளும் அலுவலகத்தில் வேறு பொருளுமாக இச்சொற்கள் புழங்குகின்றன.

எழுத்துக் குழப்பமும் இங்கே தனி வகை. மதுரை, நெல்லை வழிவந்த தோட்டத் தொழிலாளர் பேச்சில் மழை பெரும்பாலும் 'மளை'தான். மலையாளிகளோ பெரும்பாலும் பேச்சிலும் ழகரத்தைப் பேணுகிறார்கள். ஆகவே லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் வளரும் பிள்ளை தன் மொழியின் ழகரத்தை மலையாளத் தோழனிடம் கேட்டே பழகிக்கொள்ளலாம். ந, ன விஷயத்தில் நிலைமை நேர்மாறு. மலையாள எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அதை முதலில் கற்ற பிள்ளை முந்நூறு என்று எழுத வேண்டிய இடத்தில் முன்னூறு என்று எழுதினால் அதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பங்களுக்குப் பாடப்புத்தகம் தரும் மருந்து சொற்பட்டியல். மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். விளையாட்டாகக் கற்பதே நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான கருவிகள் நம் மரபிலேயே கிடக்கின்றன. காளமேகப் புலவர் சிலேடையில் பேர்பெற்றவர். சம்பந்தர், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்றுப் பதிகம் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர், இதழ் ஒட்டாமல் சொல்லும்படி திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இயற்றினார். இதுபோல எழுத்தைத் தவிர்க்கும் விளையாட்டாக, பிரான்சில் ழார்ழ் பெரெக் 'e' என்ற எழுத்தே இல்லாத நாவலை வெளியிட்டது 1969இல்தான்.

எல்லைக்கென்றே சில பயிற்சிகளை உருவாக்கலாம். 'அவனுக்கு ஓர் அவசரம் வந்தது': அவசரம் தமிழில் நெருக்கடி, மலையாளத்தில் வாய்ப்பு. இரு மொழியிலும் பொருள்படும் சொல் வரும் இப்படியொரு வரியில் ஒரு கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். காளமேகத்துக்கும் கிட்டாத சிலேடை அது. சிவப்பிரகாசர் வழியில், இதழ் ஒட்டும் ப, ம, வ வராமல் ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் மூணாறு, பாலக்காடு, பீர்மேடு என்ற பெயர்களே விலகிவிடும். சித்தூர், இடுக்கி, தேனி தப்பும். கேரளத்து அக்ஷரஸ்லோகம் என்னும் சுலோகப் போட்டியில், முன்னவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்கியதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்த விதியைத் தமிழ்ப் பாட்டுகளுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லைப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் தினமும் காதில் விழும் இந்த இருபொருட் சொற்களை மாணவரைக் கொண்டே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரு மொழியிலும் புழங்கும் உங்களால்தான் அப்படியொரு அகராதியைத் தொகுக்க முடியும்.