குகை நிழலின் சிவப்பு

பிரேசிலின் தென்கோடியில் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலம். அங்குள்ள குவாரிட்டாஸ் மணற்கல் குன்றுகளின் நிழலான குடைவுகளில் மட்டும் இயற்கையாக வளர்கிறது பெட்டூனியா எக்ஸெர்ட்டா என்னும் பூச்செடி. தாவரவியல் அதற்குப் பெயரிட்டதே 1987இல்தான்.

தோட்டத்துப் பெட்டூனியாக்கள் வெள்ளைக் காட்டினமும் ஊதாக் காட்டினமும் கலந்து பிறந்தவை. மணமுள்ள வெள்ளையை இரவில் அந்துப்பூச்சி நாடும். ஊதாவைப் பகலில் தேனீ நாடும். எக்ஸெர்ட்டாவோ மணமில்லாத செஞ்சிவப்பு. இதழ்கள் பின்னே மடிந்திருக்க, மகரந்தத் தாள்களும் சூல்முடியும் முன்னே நீண்டு நிற்கும். தேன் குடிக்கும் ரீங்காரச்சிட்டின் தலையில் மகரந்தம் படிய எவ்வளவு கச்சிதமான அமைப்பு!

இதை வளர்க்கலாமா? தொட்டி நிறையப் பூ வழிய வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் கலப்பினமே போதும். ஒரு பறவைக்காக ஒரு பூ கொண்ட வடிவத்தை அருகிலிருந்து பார்க்க ஆசையிருந்தால் தயங்க வேண்டாம். பொடி விதையை மண்மேல் தூவி, மூடாமல் ஈரம் காத்தால் முளைக்கும்.

விதை சேமிப்பவர்கள் மற்ற பெட்டூனியாக்களை அருகில் வைக்கக் கூடாது. சொந்த மண்ணிலேயே வெள்ளை இனத்தோடு கலந்துவருகிறது இந்த அரிய செடி. தூய விதையைக் காத்துப் பிறருக்கும் கொடுக்க மனமிருப்பவர் அவசியம் வளர்க்க வேண்டும்.