வகுப்பறையும் கருவியும்

புதிய கருவியொன்று வகுப்பறை வாயிலில் வந்து நிற்கும்போதெல்லாம், ஆசிரியர் காலம் முடிந்ததென ஒரு சாராரும், கல்வியே கெட்டதென மறு சாராரும் கூறுதல் வழக்கம். சலனப்படம் விரைவிற் பாடசாலைப் புத்தகத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்ளுமென 1913இல் தோமஸ் எடிசன் எதிர்வு கூறினார். நூறாண்டு கடந்தும் புத்தகம் மாணவன் கையை விட்டு நீங்கவில்லை. இத்தகைய எதிர்வுகள் பொய்த்த காரணத்தை ஆராய்வது, 'ஆசிரியரும் இயந்திரங்களும்' எனப் பொருள்படும் பெயருடன் லரி கியூபன் 1986இல் வெளியிட்ட ஆங்கில நூலாகும்.

கியூபன் வரலாற்றாசிரியராகப் பணியாற்றிப் பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். சலனப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி என்பன அமெரிக்கப் பாடசாலைகளுட் புகுந்த வரலாற்றை அவர் நிரல்பட எடுத்துரைக்கின்றார். முதலிற் பேருவகை; அடுத்து ஆய்வாளர் நற்சான்று; அதன்பின் ஏமாற்றம்; ஈற்றில் ஆசிரியர்மீது பழி. இச்சுற்றே மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததென்பது அவர் முடிபு. கருவிகளை வாங்குவோர் மேலிருப்போர். அவற்றைக் கையாள வேண்டியவரோ நேரசூசிக்கும் நிறைந்த வகுப்புக்கும் கட்டுண்ட ஆசிரியர். எனவே, எளிதிற் கைக்கு உதவும் வெண்கட்டியையும் பாடநூலையும் அவர் விடாது பற்றியதில் வியப்பில்லை என்கின்றார். ஆசிரியரைப் பழியினின்று மீட்ட இவ்வாதம் நூலின் தலையாய சிறப்பாகும்.

ஆயினும் குறையொன்று உண்டு. ஆசிரியருக்கு வசதியானது எதுவென நூல் நன்கு காட்டுகின்றது. மாணவனுக்குப் பயன் தருவது எதுவென்பதை அத்துணைத் தெளிவாகக் காட்டவில்லை. வெண்கட்டி ஆசிரியருக்கு உதவுகின்றதென்பதால், கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் அது உதவுகின்றதென முடிவு செய்தல் ஒண்ணாது. இவ்விடைவெளியை நிரப்பும் சான்றுகள் நூல் வெளிவந்த பின்னரே கிடைத்தன. அவற்றுள் இரண்டை ஈண்டு நோக்குவாம்.

பெரு நாட்டிற் பிள்ளைக்கொரு மடிக்கணினி வழங்கும் திட்டம் நடைபெற்றது. கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகள் 319ஐ ஒப்பிட்டு ஆராய்ந்து 2012இல் வெளிவந்த அறிக்கை, ஏறத்தாழ 15 மாதங்களின் பின்னரும் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் காணப்படவில்லை என்றது. பொதுவான சிந்தனைத் திறனிற் சிறிது நன்மை தோன்றியதெனினும், கருவியைப் பாடத்தோடு இணைக்கும் வழி ஆசிரியருக்குத் தெளிவாகக் காட்டப்படவில்லை.

தில்லியிலோ, பாடசாலை நேரத்துக்குப் புறம்பாக நடந்த நிலையங்களில் மாணவனின் நிலையை முதலிற் கணினி சோதித்தறிந்தது. பின் அந்நிலைக்குரிய பயிற்சியை அளித்தது. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்திற் சராசரி இரண்டரை ஆண்டு பின்தங்கியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. 619 மாணவரைக் கொண்ட அவ்வாய்வின் பேறு 2019இல் வெளியாயிற்று. நான்கரை மாதத்தில் கணிதம், இந்தி இரண்டிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது. எனினும் அங்கே நேரத்திற் பாதியே கணினிக்குரியது. மறுபாதி சிறு குழுவாக இருத்திக் கற்பித்தலுக்குரியது. ஆதலின் முழுப் புகழையும் இயந்திரத்துக்கே சாற்றுதல் பொருந்தாது.

மாணாக்கனின் ஏற்கும் ஆற்றலை அளந்தறிந்து அதற்கேற்பப் பாடஞ் சொல்லுதல் ஆசிரியர் கடனென நன்னூற் பாயிரம் விதிக்கின்றது. தில்லியில் வெற்றி பெற்றது இவ்விதியே எனலாம். 2020இல் எமது பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசிவழிப் பாடங்களை அனுப்பினோம். அனுப்பியதை அறிந்தோம், விளங்கியதை அறிந்தோமில்லை. கரும்பலகையைப் படியெடுத்தவன் இன்று ஒளித்திரையைப் படியெடுப்பானாயின், மாறியது பலகையேயன்றிக் கல்வியன்று.

ஆசிரியத் தொழிலிற் புகும் இளைஞர் கியூபனைக் கற்றல் வேண்டும். ஆனால் அவரோடு நின்றுவிடலாகாது. கருவி எத்தகையது என்று வினவுமுன், என் மாணவன் அறியாதது யாதென இஃது எனக்குக் காட்டுமா என வினவுவாராக. அவ்வினாவுக்கு விடை தரும் கருவி சிறிதாயினும் வரவேற்கத்தக்கது. விடை தராதது எத்துணை விலை பெறினும் வகுப்பறையில் வெறும் தளபாடமே.