அக்யூரசியும் பிரிசிஷனும்: ஒரு ± குறி படுத்தும் பாடு

கரிமக் காலக்கணிப்பு பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் என்னை உறுத்தும் சொல் 'துல்லியம்'. ±30 ஆண்டுதான் பிழை, அவ்வளவு துல்லியம் என்கிற தோரணையில் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு அக்யூரசி, பிரிசிஷன் என்று இரண்டு சொல் இருக்கு. நாம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

ஒரு கிலோ படிக்கல்லைப் பத்து தடவை வைத்தாலும் கடைத் தராசு 950 கிராம் என்றே காட்டுகிறது. அதற்குப் பிரிசிஷன் இருக்கு, அக்யூரசி இல்லை. (கடைக்காரருக்குத்தான் நட்டம்!) இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ஒன்றின் வேரில் இருப்பது 'கவனம்', மற்றதில் 'நறுக்குதல்'. நறுக்கென்று வெட்டலாம், வெட்டிய இடம் தப்பாக இருக்கலாம். ஆங்கிலேயர்களும் பேச்சில் இரண்டையும் குழப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அது செல்லாது.

ஆய்வகம் தரும் ±30 பிரிசிஷன் மட்டுமே. அதுவும் நாட்காட்டி ஆண்டுக்கு உரியது இல்லை, கரிம ஆண்டுக்கு உரியது. அதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற அளவுத்திருத்த வளைகோடு வேண்டும். அந்தக் கோடு கிமு 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். 2450±30 என்ற அளவு அங்கே போனால் ஏறத்தாழ கிமு 750 முதல் 410 வரை விரிந்துவிடும்.

2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கிமு 580 என்று காலம் கொடுத்திருக்கிறார்கள். சரியாக அந்தச் சமவெளிக்குள் விழும் ஆண்டு. அதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவது, இல்லாத பிரிசிஷனை ஏற்றிச் சொல்வது. அதற்காகக் காலம் பிந்தியது என்று வாதாடவும் இது உதவாது. வீச்சு முன்னாலும் நீள்கிறது, பின்னாலும் நீள்கிறது.

அக்யூரசி வேறு கதை. கரித்துண்டு 200 வயது மரத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்தது என்று வையுங்க. அந்த வளையம் வளர்ந்த காலத்தை ஆய்வகம் ஒழுங்காகச் சொல்லிவிடும். ஆனால் மரத்தை வெட்டி அடுப்பில் வைத்தது கிட்டத்தட்ட 200 வருடம் கழித்து! இந்தப் பிழை எந்த ±-க்குள்ளும் வராது. குழியில் மாதிரி எடுத்தவர் அது என்ன மரம், எந்தப் பகுதி என்று எழுதி வைத்திருந்தால் பிழைத்தோம்.