மூட்டுகளும் வாக்குறுதிகளும்

கைபேசியைச் சிறுசிறு கட்டைகளாகப் பிரித்துச் செய்து, கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும், பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும், புதிய காமிராவின்மேல் ஆசை பிறந்தால் காமிராவை மட்டும் மாற்றிக்கொண்டு, எஞ்சிய உடலை ஆண்டுக்கணக்கில் வைத்து ஆளலாம் என்ற எண்ணத்தை, டேவ் ஹாக்கன்ஸ் என்னும் டச்சு வடிவமைப்பாளர் 2013-இல் ‘ஃபோன்பிளாக்ஸ்’ என்று பெயரிட்டு ஒரு காணொளியாக வெளியிட்டபோது, அது வெகு விரைவில் லட்சக்கணக்கானவர்களின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. கவர்ந்ததில் வியப்பில்லை. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தைச் சேர்ந்த அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் கழித்துப்போட்ட மின்சார, மின்னணுச் சாதனங்களின் எடை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதமே. ஓர் உறுப்பு கெட்டதற்காக ஒரு முழு யந்திரத்தைத் துறக்கும் வழக்கத்திற்கு, உறுப்புகளைப் பிரிக்கத்தக்கனவாகச் செய்வதே பரிகாரம் என்று தோன்றுவது இயல்பு. மாடுலர் அமைப்பு என்று தொழில் துறையினர் வழங்கும் இம்முறை, சுற்றுச்சூழலில் அக்கறை கொண்டோர் அனைவரும் ஒருமுகமாகப் புகழும் சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. அவ்விதம் புகழப்படுவதனாலேயே அதன் குணத்தோடு தோஷத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படுகிறது.

முதலில் தோற்றவர்களைப் பார்த்துவிடலாம். ஹாக்கன்ஸின் எண்ணத்தை ஒத்த ‘ப்ராஜெக்ட் ஆரா’ என்ற முயற்சியை, அப்போது கூகுளின் வசமிருந்த மோட்டரோலா அதே ஆண்டு அறிவித்தது. ஓர் எலும்புக்கூடு, அதன் குழிகளில் காந்தத்தால் பற்றி நிற்கும் உறுப்புகள், அவை தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது விதி. 2015-இல் போர்ட்டோ ரிக்கோவில் நடப்பதாயிருந்த பரீட்சார்த்த விற்பனை கைவிடப்பட்டது. 2016-இன் நடுவில் காட்டப்பட்ட வடிவத்தில், மூளையாகிய பிராசஸரும் திரையும் பேட்டரியும் கூட்டுக்குள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டு, மாற்றத்தக்கவையாகக் காமிரா, ஒலிபெருக்கி போன்ற உபகரணங்களே எஞ்சின. அவ்வாண்டு செப்டம்பரில் முயற்சியே முடிந்துபோயிற்று. எது கெட்டால் கைபேசியே வீணாகுமோ அதைப் பூட்டிவைத்து, எது இல்லாவிட்டாலும் காலம் தள்ளலாமோ அதைக் கழற்றத்தக்கதாக வைத்த அந்தக் கடைசி வடிவம், நோக்கத்தையே தலைகீழாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

எல்.ஜி. நிறுவனத்தின் கதை இன்னும் சுருக்கமானது, இன்னும் கசப்பானதும்கூட. 2016-இல் அது விற்ற ‘ஜி5’ கைபேசியின் அடிப்பாகத்தை உருவி, பேட்டரியை அதனின்று பிரித்து, வேறொரு அடிப்பாகத்தைச் செருகலாம். காமிராப் பிடி ஒன்று, இசைக்கென்று ஒன்று என ஓரிரு உபரி உறுப்புகளையும் கடையில் வைத்தார்கள். மறு ஆண்டு வந்த ‘ஜி6’-இல் அந்த வாய் அடைக்கப்பட்டுவிட்டது. நம்பி வாங்கியவர்களின் கையிலிருந்த காமிராப் பிடி, வேறெந்த யந்திரத்திலும் பொருந்தாத ஒரு துண்டாயிற்று. குப்பையைக் குறைக்கப் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு முறை, முன்னில்லாத ஒரு புதுவகைக் குப்பையை உண்டாக்கிய விநோதத்தை இங்கே காண்கிறோம்.

இவ்விரண்டு தோல்விகளிலிருந்தும் நான் பெறும் முடிவு, பிரித்துச் செய்வது வீண் என்பதன்று. மிதிவண்டியைப் பாருங்கள்: எந்த ஊர்க் கடையிலும் எந்தக் கம்பெனியின் வண்டிக்கும் சங்கிலியும் டியூபும் பெடலும் கிடைப்பதற்குக் காரணம், அவை கழற்றத்தக்கவை என்பது பாதிதான், அவற்றின் அளவுகள் பல தலைமுறைகளாகப் பெரிதும் மாறாமல், ஒருவருடைய தனிச்சொத்தாகாமல் நிற்பதே மற்றப் பாதி. 1981-இல் ஐ.பி.எம். தன் கணினியின் செருகுவாய்களைப் பிறரும் அறியும்படி வெளியிட்டதனாலும், 1995-இல் இன்டெல் வகுத்த ‘ஏ.டி.எக்ஸ்.’ அளவு இன்றளவும் வழங்குவதனாலும்தான், மேஜைக் கணினியின் பெட்டியையும் மின்வழங்கியையும் மட்டும் வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை ஒருவர் இருபது வருஷம் மாற்றிக்கொண்டே போக முடிகிறது. ஆகவே மாடுலர் அமைப்பின் மதிப்பு மூட்டில் இருப்பதைவிட, அந்த மூட்டை எத்தனை காலம் மாற்றாமல் வைத்திருப்போம் என்று செய்தவர் கொடுக்கும் வாக்கிலும், அவ்வாக்கை அவர் காப்பதிலுமே அதிகம் இருக்கிறது.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கத்தக்க இரண்டு உதாரணங்கள் நம் காலத்தில் உள்ளன. ஒன்று, ஆம்ஸ்டர்டாமில் 2013-இல் தொடங்கிய ஃபேர்ஃபோன். 2015-இல் வெளிவந்த அதன் இரண்டாவது கைபேசியில், திரையை எந்தக் கருவியும் இன்றி விரலாலேயே தள்ளிக் கழற்றலாம். உள்ளிருக்கும் உறுப்புகளைச் சாதாரணத் திருப்புளி ஒன்றால் எடுத்துவிடலாம். 2017-இல் நல்லதொரு காமிராவைத் தனி உறுப்பாக விற்று, பழைய கைபேசிக்கே புதுக் கண் கொடுத்தார்கள். எனினும் எனக்கு இதைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுவது, வெளியே தெரியாத மென்பொருள் உழைப்பு. அக்கைபேசியின் பிராசஸரைச் செய்த குவால்காம், புதிய ஆண்ட்ராய்டுப் பதிப்புகளுக்கு அதனை இசைவிக்காமல் விட்டுவிட்ட பிறகும், இச்சிறு நிறுவனம் தானே முயன்று அடுத்தடுத்த பதிப்புகளை அதற்குக் கொண்டுவந்து, 2023 வரை, அதாவது ஏழு ஆண்டுகளுக்கு மேல், அதனை உயிரோடு வைத்திருந்தது. முதற் கைபேசிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 2017-இலேயே அதன் ஆதரவு நின்றுபோயிற்று. திருகாணியைக் கழற்றும் உரிமை எவ்வளவு இருந்தும், சிப்புச் செய்பவனின் சம்மதமின்றி ஆயுள் நீளாது என்ற பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி, 2023-இல் வந்த ஐந்தாவது கைபேசியில் சாதாரணக் கைபேசிச் சிப்பை விலக்கி, நீண்ட கால ஆதரவுள்ள தொழிற்சாலை உபயோகச் சிப்பொன்றைத் தேர்ந்தெடுத்ததாகும்.

ஆயினும் ஃபேர்ஃபோனைக் குறையின்றிப் புகழ என்னால் இயலவில்லை. ஒரு தலைமுறைக் கைபேசியின் திரையோ பேட்டரியோ அடுத்த தலைமுறைக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஒவ்வொரு கைபேசியும் தனக்குள் மட்டும் மாடுலர். 2021-இல் நான்காவது கைபேசியிலிருந்து ஹெட்ஃபோன் செருகுவாயை நீக்கிவிட்டு, அதே சமயத்தில் கம்பியில்லா இயர்ஃபோன்களையும் விற்கத் தொடங்கியபோது, நெடுநாள் உழைக்கும் கம்பி இயர்ஃபோனை ஒதுக்கி, சிறு பேட்டரிகளை உள்ளடக்கியதும் வெகு நாள் நில்லாததுமான பண்டத்தை நியாய வர்த்தகத்தின் பெயரால் விற்கிறார்களே என்று அதன் அபிமானிகளே முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் நியாயம் இருந்தது.

மற்றோர் உதாரணம், அமெரிக்காவில் நிரவ் படேல் என்பவர் தொடங்கிய ஃப்ரேம்வொர்க் நிறுவனத்தின் மடிக்கணினி. 2021-இல் வெளிவந்த அந்தக் கணினியின் அடியில் ஐந்து திருகாணிகள். தளர்த்தினாலும் கழன்று விழுந்து தொலையாதபடி அவை கூட்டிலேயே தங்கிவிடும். பிறகு கணினியை நிமிர்த்தி, காந்தத்தால் ஒட்டியிருக்கும் விசைப்பலகைத் தட்டைத் தூக்கினால், ஒரு பட்டை வயர் தடுக்கும். அதையும் கழற்றிவிட்டால் மதர்போர்டும் பேட்டரியும் விசிறியும் நம் கண்முன் கிடக்கின்றன. உறுப்புகளின் மேல் அச்சிட்ட சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படம் பிடித்தால், அதனை மாற்றும் விதம் படிப்படியாகத் தோன்றும். இவையெல்லாம் சௌகரியங்கள், சிலாகிக்கத்தக்கவையே. ஆனால் மெய்யான சாதனை, 2021-இன் கூட்டில் 2022, 2023-ஆம் ஆண்டுகளின் புதிய இன்டெல் போர்டுகளும், ஏ.எம்.டி. போர்டுகளும் பொருந்தும்படி, திருகாணித் துளைகளின் இடத்தையும் வாய்களின் நிலையையும் மாற்றாமல் காத்ததும், போர்டின் அளவுப் படங்களை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பகிரங்கப்படுத்தியதும் ஆகும். அவ்வாறு பகிரங்கப்படுத்தியதன் பலனாக, வேறொரு நிறுவனம் ரிஸ்க்-ஃபைவ் சிப்புடன் கூடிய போர்டு ஒன்றை அதே கூட்டிற்காகச் செய்து விற்றது. எல்.ஜி. தவறவிட்ட வாக்கு இங்கே காப்பாற்றப்படுகிறது.

இனி, இம்முறையை ஆதரிப்போர் அதிகம் பேச விரும்பாத ஒரு விஷயத்திற்கு வருவோம். கைபேசியும் மடிக்கணினியும் தம் வாழ்நாளில் உண்டாக்கும் சுற்றுச்சூழற் பாரத்தில் மிகப் பெரும் பங்கு, அவற்றை உபயோகிக்கும்போது செலவாகும் மின்சாரத்தால் விளைவதன்று, உற்பத்தியிலேயே விளைந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் ஃபேர்ஃபோன் இரண்டாவது கைபேசியை ஆராய்ந்தபோதும் அவ்வாறே கண்டது. உற்பத்திக்குள்ளும் சிப்புகளைத் தாங்கும் மையப் பகுதியே பெரும் பாரத்திற்குக் காரணமாயிருந்தது. அப்படியானால், திரையையோ பேட்டரியையோ சார்ஜிங் வாயையோ மாற்றி யந்திரத்தின் ஆயுளை நீட்டுவது மறுக்க இயலாத லாபம். ஆனால் வேகம் போதவில்லை என்று மதர்போர்டையே மாற்றுகிறவர், அலுமினியக் கூட்டையும் கண்ணாடியையும் காப்பாற்றிக்கொண்டு, எல்லாவற்றிலும் பாரமான உறுப்பையே புதிதாக வாங்குகிறார். பழைய போர்டைச் சிறு பெட்டியில் அடைத்துத் தனிக் கணினியாக ஓட்டலாம் என்று ஃப்ரேம்வொர்க் வழி செய்திருப்பது விவேகமான செயல். ஆனால் எத்தனை வீடுகளுக்கு இரண்டாவது கணினியொன்று வேண்டியிருக்கிறது? பழுது நீக்குவதற்கான மாடுலர் அமைப்பையும், ஆசையைப் பெருக்குவதற்கான மாடுலர் அமைப்பையும் ஒரே பெயரால் வழங்கிப் புகழ்வதில் உள்ள குழப்பம் இதுதான்.

மூட்டுகளுக்கும் விலை உண்டு. ஒவ்வோர் இணைப்பும் இடத்தை அடைக்கிறது. முனைகளில் தங்கப் பூச்சைக் கேட்கிறது. தூசி புகவும் தளரவும் ஓர் இடமாகிறது. ஃபேர்ஃபோனே தன் மூன்றாவது கைபேசியில், விரலால் கழற்றும் திரையைக் கைவிட்டுத் திருகாணிக்குத் திரும்பியது. நீர் புகாமை வேண்டுமானால் பசையிட்டு ஒட்டியே ஆக வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் சொல்லும் சமாதானத்தை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். 2014-இல் சாம்சங் விற்ற ‘கேலக்ஸி எஸ்5’, முதுகு மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை எடுக்கத்தக்கதாயிருந்தும், ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்து மீளும் தரச்சான்றைப் பெற்றிருந்தது. இயற்கை விதிக்கும் தடை வேறு, வசதிக்காகக் கட்டிக்கொண்ட தடை வேறு. முன்னதற்கும் உதாரணம் காட்ட வேண்டுமானால் ஃப்ரேம்வொர்க்கையே காட்டலாம்: 2025-இல் அது அறிவித்த மேஜைக் கணினியில் நினைவகம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. ஏ.எம்.டி. சிப்பின் அகன்ற நினைவகப் பாதையில், கழற்றும் நினைவகத்தை வைத்தால் சமிக்ஞை பழுதின்றிச் செல்லாது என்பது அவர்கள் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்ட காரணம். வேகம் ஏற ஏற மூட்டுகள் இடையூறாகும் ஒரு பிரதேசத்திற்குள் இத்தொழில் நுழைந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு தோஷம், மேற்கில் எழுதுகிறவர்களின் கண்ணில் எளிதிற் படாதது. சென்னை ரிச்சி தெருவிலும் அதுபோன்ற தெருக்களிலும், ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய கடைகளில், மைக்ராஸ்கோப்பின் கீழ் போர்டை வைத்து, எந்த இடம் சூடேறுகிறது என்று தேடி, பழுதான ஒரே ஓர் ஐ.சி.யை ஹாட் ஏர் கொண்டு இளக்கி எடுத்து, செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து பிடுங்கிய ஐ.சி.யை அங்கே வைத்து ஒட்டி, யந்திரத்தை எழுப்பிவிடுகிறார்கள். கடுகளவுள்ள ஒரு கெப்பாசிட்டர் மாறுகிறது, மற்றதெல்லாம் பிழைக்கிறது. மாடுலர் அமைப்பு உடையவனுக்குச் சுதந்திரம் தருகிறது என்பது உண்மை. அதே சமயத்தில், உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை வை என்று அவனுக்குப் போதிக்கவும் செய்கிறது. கெட்டது கெப்பாசிட்டராயிருக்க, குப்பைக்குப் போவது முழு உறுப்பு. கைத்தொழில் மலிவாகவும் நுட்பமாகவும் கிடைக்கும் நாட்டில், உறுப்பை மாற்றும் முறையைக் காட்டிலும் உறுப்பையே திருத்தும் முறை சிக்கனமானது. ஆகவே கழற்றத்தக்க உறுப்போடு, அவ்வுறுப்பின் மின்சுற்றுப் படமும் தரப்படாவிட்டால், இம்முறையின் பயன் நம் தெருவரை முழுமையாக வந்து சேராது. ஃப்ரேம்வொர்க் சுற்றுப் படங்களைப் பழுதுபார்ப்போருக்குத் தர முன்வந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களிடம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடிவதில்லை.

அவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. உறுப்பைக் கழற்றலாம், மாற்றலாம், ஆனால் புதிய உறுப்பின் வரிசை எண்ணைக் கைபேசி அங்கீகரிக்காவிட்டால் எச்சரிக்கை தோன்றும், அல்லது சில வசதிகள் நின்றுபோகும். திருகாணியில் இல்லாத பூட்டு மென்பொருளில் வந்துவிட்டது. இவ்விதப் பிணைப்பைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாகாணம் 2024-இல் இயற்றியது.

சட்டத்தைப் பற்றிப் பேசினால் ஐரோப்பாவைச் சொல்லாமல் முடியாது. 2025 ஜூன் 20 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு கைபேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி உறுப்புகள் கிடைக்க வேண்டும் என்கின்றன. கைபேசியோடு தரப்படும் விவரச்சீட்டில், அதனைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு ஒரு மதிப்பெழுத்தும் இடம்பெறுகிறது. எத்தனை படிகளில் பிரிக்கலாம், எவ்வகைத் திருகாணி, எவ்வகைக் கருவி, உதிரி உறுப்பும் செய்முறைக் குறிப்பும் யாருக்குக் கிடைக்கும், மென்பொருள் எத்தனை ஆண்டு வரும் என்பவையே அம்மதிப்பின் அம்சங்கள். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழுவொன்று இத்தகைய குறியீட்டிற்கு 2025-இல் சிபாரிசு செய்திருக்கிறது. மதிப்பெண்ணை உற்பத்தியாளரே கணக்கிட்டு அறிவிப்பார் என்பது அதன் ஏற்பாடு. இவ்வளவு நுணுக்கமாக வகுத்த ஐரோப்பிய அளவையிலும், இவ்வாண்டுக் கைபேசியின் பேட்டரி அடுத்த ஆண்டுக் கைபேசியிலும் பொருந்துமா என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படும் வரையில், ஜி5-ஐப் போன்ற ஒரு கைபேசி, அதன் வாய் மறு ஆண்டே அடைபடப்போவது நிச்சயமாயிருந்தாலும், பிரிப்பதற்குச் சுலபமாயிருந்து அம்மதிப்பின் மற்ற அம்சங்களிலும் தேறினால், நல்ல மதிப்பெழுத்தோடு கடைக்கு வந்துவிட முடியும்.