ஈரக்குடையும் குட்டி நிலாவும்

சிறுகோளுக்கு நிலா எப்படி வந்துச்சுன்னு கேட்டா, வழக்கமா ஒரு பதில் சொல்வாங்க: வேகமா சுத்துச்சு, மேலிருந்த கல்லும் மண்ணும் சிதறுச்சு, அது சேர்ந்து நிலாவாச்சு. ஈரக்குடையைச் சுழற்றினா தண்ணி தெறிக்குமே, அந்த மாதிரி. எனக்கு அந்த உவமையிலேயே சிக்கல். தெறிச்ச தண்ணி குடையைச் சுத்திவந்து ஒரே துளியா சேருமா என்ன?

இந்தப் பதிலுக்குப் பலம் சேர்த்தது, வால்ஷ், ரிச்சர்ட்சன், மிஷெல் மூவரும் 2008ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. அதன் முதல் பாதியில் குறை சொல்ல அதிகமில்லை. சூரிய ஒளியை வாங்கி வெப்பமாகத் திருப்பி அனுப்பும்போது, கோணல்மாணலான சிறுகோளுக்கு மிக மெல்லிய முறுக்கம் கிடைக்கிறது. இதுதான் யார்ப் விளைவு; 2007ல் நேரடியாகவே அளந்துட்டாங்க. சுழற்சி மெல்ல மெல்லக் கூடி, சுமார் 2.2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற எல்லையை நெருங்கினால், கற்குவியலான சிறுகோளின் நடுக்கோட்டில் ஈர்ப்பு கைவிடத் தொடங்கும். 1999 கேடபிள்யூ4 2.76 மணி நேரத்தில் ஒரு சுற்று சுத்துது. இடுப்பில் மேடு, பக்கத்தில் நிலா.

சிக்கல் இரண்டாம் பாதியில்தான். கிளம்பிய கல் தப்பி ஓடக் கூடாது, திரும்ப விழவும் கூடாது. ரோஷ் எல்லைக்கு வெளியே போனாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேர முடியும். 2008 கணினி மாதிரியில் கற்கள் மோதி மோதி ஆற்றலை இழப்பதால் இது நடக்கிறது. கல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, ஒரே நிலா பொறுமையாக வளர்கிறது.

2023 நவம்பர் 1ல் லூசி விண்கலம் டிங்கினேஷைக் கடந்தபோது இந்தப் படம் ஆட்டம் கண்டது. அதன் நிலா செலாம், ஒட்டிக்கொண்ட இரண்டு உருண்டைகள். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்குச் சற்று மேல். அப்போ முதலில் இரண்டு நிலா உருவாகி, அப்புறம் மெதுவா மோதி ஒட்டியிருக்கணும்.

விமார்சன் குழுவின் 2024 கட்டுரை இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே சரிவில் நிறைய கல் வெளியேறி வட்டாக நின்றால், சில நாட்களிலேயே பல குட்டி நிலாக்கள் பிறந்து ஒன்றோடொன்று சேருமாம். செலாம் மாதிரி இரட்டை உருவமும், டைமார்ஃபஸ் மாதிரி தட்டையான உருவமும் அதில் கிடைக்குது. ஆனா ஒரு கேள்வி. அவ்வளவு மெதுவான காரணம் ஏன் இப்படித் திடீர்னு வெடிக்கணும்? கற்களுக்கு நடுவில் இருக்கும் பிடிப்பு கடைசி நொடிவரை தாங்கியிருக்கலாம். கதையின் முக்கியக் கண்ணியே இதுதான், அதுதான் இன்னும் மெலிசா இருக்கு.

இன்னொரு கேள்வியும் உண்டு. ரியுகுவுக்கும் பென்னுவுக்கும் அதே இடுப்பு மேடு இருக்கு, நிலா இல்லை. 'இருந்து தொலைஞ்சிருக்கலாம்' என்பது சாத்தியமே. ஆனா நிலா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று சொல்லும் விளக்கத்தை எதை வைத்துச் சோதிப்பது?

நான் சரிவுக் கதை பக்கம்தான். இருந்தாலும் குடை உவமையை இனி விட்டுடலாம். அது கல் கிளம்புவதை மட்டும் காட்டி, சேர்வதை மறைச்சுடுது. நிலா பிறப்பது சேர்வதில்தான்.