மரையும் உறைபனியும்

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாவில் சில நாட்கள் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். துகள் உறைபனி. கொழுந்து கருகுமே என்று தோட்டத்தில் கவலைப்படுகிற அதே காலையில்தான் ஹோர்ட்டன் சமவெளிக்கு மரை பார்க்கப் போகவேண்டும். கூட்டாளிமார் நாலு பேர், கம்பளித் தொப்பி, போத்தலில் இஞ்சி போட்ட பிளேன்டீ. பட்டிப்பொல வழியாக ஏறினால் சரி.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இந்த மரையைத்தான் நாய்களோடும் கத்தியோடும் வேட்டையாடினார். காடு அத்தனை அடர்த்தி, துப்பாக்கிக்குக் குறி அகப்படாது. நாய்கள் துரத்த, மரை ஓடைக்குள் இறங்கிக் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிற்கும். பின்னாலேயே இவரும் தண்ணீருக்குள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. கொன்று குவித்த கணக்கை ரசிக்க எனக்கு மனம் வரவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள அருவி ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்!

1988இலிருந்து அந்தச் சமவெளி தேசியப் பூங்கா. மரையை வேட்டையாடச் சிறுத்தைக்கு மட்டுமே அனுமதி. நமக்குப் பார்வை போதும். ஆண் மரையின் பிடரிமயிரில் ஈரம் வெளுத்திருக்கும், மூச்சு புகையாக எழும். முதலில் காது திரும்பும். பிறகு முன்னங்கால் தரையைத் தட்டும், வால் நிமிரும். அடுத்து வரும் கனத்த குரல் ஒன்று, சிறுத்தை எங்கோ பக்கத்தில் என்று சொல்லும். அந்த நேரம் போத்தல் மூடியைக்கூடத் திருகக் கூடாது. வாகனத் தரிப்பிடத்தில் பிஸ்கட்டுக்கு முகம் நீட்டும் மரையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.