இதத்தின் விலை: கிறிஸ்துமஸ் நாவல்களை எடைபோடுதல்

கிறிஸ்துமஸ் நாவல் என்றொரு வகை உண்டு. ஆண்டு முடிவில் வெளிவரும், ஆண்டு முடிவில் படிக்கப்படும், பொங்கலுக்குள் மறக்கப்படும். பனி மூடிய சிற்றூர், மூடப்படவிருக்கும் ஒரு பேக்கரி, நகரத்து வேலையில் சலித்து ஊர் திரும்பும் ஒரு பெண், அவள் வந்திறங்கும் நாளிலேயே எதிர்ப்படும் ஓர் இளைஞன். இருநூற்றைம்பது பக்கத்துக்குள் கடையும் பிழைக்கும், காதலும் கைகூடும். மனதுக்கு இதமான வாசிப்பு என்று பலர் இதை விரும்புகிறார்கள். இலக்கியமே இல்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இரு தரப்பாரும் புத்தகத்தை எடைபோடுவதில்லை. விரும்புகிறவர் அளவுகோலே தேவையில்லை என்கிறார். ஒதுக்குகிறவர் அளந்து பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வகைக்கு நல்ல நடுவர் வேண்டுமென்றால் பெரம்பலூர் மாவட்டத்தில் தேடலாம். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காடு முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பேரூர். அங்கே பெரும்பாலான வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் அரையாண்டுத் தேர்வு விடுமுறை. அந்த விடுமுறையில் ஒருவர் இப்படியொரு நாவலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுப் பூசை, குடில், நட்சத்திரம், கேக் என்று ஆசிரியர் தூவும் குறிப்புகள் ஒரு கிறிஸ்தவ வாசகரிடம் தாமாகவே நினைவுகளைக் கிளர்த்தும். இவரிடம் அந்த வசதி செல்லாது. எழ வேண்டிய உணர்வு எதுவானாலும் அதைக் கதையே உண்டாக்கியாக வேண்டும். பண்டிகையிடம் கடன் வாங்கிய உருக்கம் எவ்வளவு, கதை தானே ஈட்டிய உருக்கம் எவ்வளவு என்பதை இத்தகைய வாசகரே சரியாகப் பிரித்தறிவார்.

அவர் சார்பில் மூன்று கேள்விகளை முன்வைக்கலாம். முதலாவது, பண்டிகை கதையின் உறுப்பா, ஒப்பனையா? இரண்டாவது, மனமாற்றத்துக்குக் கதைக்குள்ளேயே காரணம் உண்டா? மூன்றாவது, முடிவில் கிடைக்கும் இதத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மூன்றாவதே இவற்றில் கடுமையானது. இந்த வகையின் பெரும்பகுதி அங்கேதான் விழுகிறது.

மூலப்படிவத்திலிருந்து தொடங்குவோம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘ஒரு கிறிஸ்துமஸ் கரோல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது. முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. முதல் கேள்வியில் அது தயக்கமின்றித் தேறுகிறது. கருமி முதலாளி ஸ்க்ரூஜுக்கும் அவனுடைய எழுத்தர் பாப் கிராட்சிட்டுக்கும் இடையிலான பிணக்கு, சம்பளத்தோடு கூடிய ஒரு நாள் விடுமுறை பற்றியது. வேலை செய்யாத நாளுக்கு ஏன் கூலி தர வேண்டும் என்று முதலாளி முனகுகிறான். பண்டிகையை எடுத்துவிட்டால் அந்தப் பிணக்கே இல்லை, கதையும் இல்லை. கிராட்சிட் வீட்டு விருந்துக்கு மகள் மார்த்தா தாமதமாக வருகிறாள். தொப்பிக் கடையில் முந்திய இரவு முடிக்க வேண்டிய வேலை இருந்தது, காலையில் கடையை ஒழுங்குபடுத்தவும் வேண்டியிருந்தது. ஒரே வாக்கியத்தில் கடந்துவிடும் இந்தத் தகவல், வீடு திரும்புதல் என்ற உணர்வை உழைப்போடு முடிச்சிடுகிறது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பலரைக் கொண்ட லப்பைக்குடிக்காட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருநாளுக்கு வீடு வந்து சேர்வது ஆசையால் மட்டும் முடிவாவதில்லை. விடுப்பு கொடுக்கிறவர் கையிலும் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு டிக்கன்ஸின் விடை பாதி சரி. ஒரே இரவில் மூன்று ஆவிகள் வந்து ஒரு கருமியைத் திருத்துவது உத்தி என்ற அளவில் குறுக்குவழி. ஆனால் முதல் ஆவி அறிவுரை சொல்வதில்லை. விடுமுறையில் எல்லாரும் போனபின் பள்ளியில் தனியே விடப்பட்ட சிறுவனை ஸ்க்ரூஜுக்குக் காட்டுகிறது. அவன் உருகுவது தன்னைக் கண்டுதான். குறுக்குவழிக்குள்ளும் உளவியல் பிசகவில்லை.

மூன்றாவது கேள்வியில் கரோலின் பெருமையும் குறையும் ஒன்றாகத் தெரிகின்றன. கிராட்சிட்டின் மகன் டைனி டிம் இறந்துபோன வீட்டை டிக்கன்ஸ் நமக்குக் காட்டிவிடுகிறார். பிறகு அந்த மரணத்தை ரத்து செய்கிறார். இழப்பை முழுவதும் பார்த்த பின்பே மகிழ்ச்சிக்கு வருகிறோம். அதே சமயம், இரண்டாம் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படும் அறியாமை, வறுமை என்ற இரு குழந்தைகளுக்குக் கதையிடம் பதில் இல்லை. ஒரு முதலாளி மனம் மாறினால் ஓர் எழுத்தருக்கு ஊதிய உயர்வு கிடைக்கும். மற்ற எழுத்தர்களின் முதலாளிகளை எந்த ஆவி சந்திக்கும்? நூலின் விலையே இந்த முரணைச் சொல்கிறது. கிராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். அவனைப் பற்றிய புத்தகம் 5 ஷில்லிங். அவன் கதையை அவனால் வாங்க முடியாது.

சூத்திரம் எப்படி நீர்த்துப்போகும் என்பதற்கும் டிக்கன்ஸே சான்று. 1845இல் வந்த ‘அடுப்பங்கரைச் சில்வண்டு’ நன்றாக விற்றது. அதில் தென்னமெரிக்காவுக்குப் போய் இறந்ததாக எண்ணப்பட்ட மகன், கிழவர் வேடத்தில் திரும்பி வருகிறான். அங்கே கழிந்த ஆண்டுகள் அவனை என்ன செய்தன என்று கதை கேட்பதேயில்லை. கடல் கடந்த வாழ்க்கை அங்கே ஒரு வேடத்துக்கான சாக்கு, அவ்வளவுதான். மார்த்தாவின் தாமதத்தில் இருந்த கூர்மை இரண்டே ஆண்டில் மழுங்கிவிட்டது. நெகிழ்ச்சி இருக்கிறது, அதன் காரணம் போய்விட்டது. மிகையுணர்ச்சிக்கு இதைவிடச் சுருக்கமான வரையறை தேவையில்லை.

இன்றைய ஃபீல்குட் கிறிஸ்துமஸ் நாவல் கரோலின் வாரிசு என்று சொல்லிக்கொண்டாலும் சில்வண்டின் வழியில்தான் நடக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அதற்கும் சில தகுதிகள் உண்டு. வாசகருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது. அத்தியாயங்களைக் கச்சிதமாக முடிக்கிறது. சலித்துப்போன மனத்துக்கு ஓய்வு தருவது இழிவான பணி அல்ல. நம் பாக்கெட் நாவல்களும் தொடர்கதைகளும் அதை நேர்மையாகச் செய்தவையே. குறை ஓய்வு தருவதில் இல்லை, அதை எங்கிருந்து எடுக்கிறது என்பதில் இருக்கிறது. கதையின் தடைகள் எல்லாம் ஒரு தவறான புரிதலில் அடங்கிவிடுகின்றன. ஒருவர் வாய் திறந்து பேசினால் மூன்றாம் அத்தியாயத்திலேயே நாவல் முடிந்துவிடும். பேக்கரிக்குக் கடன் உண்டு, கடன்காரருக்கு முகம் இல்லை. நாயகி காரை எடுத்தால் வீடு வந்துவிடுகிறது. பாத்திரம் செய்ய வேண்டிய வேலையைப் பனி செய்கிறது. வெயிலடிக்கும் ஊருக்கு இதை இடம்பெயர்த்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்தால் போதும், முதல் கேள்விக்கே விடை கிடைத்துவிடும்.

இந்த வகைக்குள் நின்றே அதை மீறிய நூல் ஐரிஷ் எழுத்தாளர் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’. 2021இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற குறுநாவல். காலம் 1985, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். நியூ ராஸ் நகரின் நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங், கன்னியர் மடத்துக்குக் கரி இறக்கப் போன இடத்தில் கொட்டகைக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணைக் காண்கிறான். ‘வழி தவறிய’ பெண்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைத்து வேலை வாங்கிய மக்டலீன் சலவைக்கூடங்களே பின்னணி. அவற்றில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது, அயர்லாந்து அரசு மன்னிப்புக் கோரியது 2013இல்.

கீகன் இந்த வகையின் உறுப்புகள் அனைத்தையும் பயன்படுத்துகிறார்: குளிர், கேக், குழந்தைகள் எழுதும் கடிதங்கள், தெருவிளக்கு, குடில். ஒவ்வொன்றும் ஃபர்லாங்கின் மனச்சான்றை இறுக்கும் கருவியாகிறது. அவன் தாய் மணமாகாமல் அவனைப் பெற்றவள். ஒரு சீமாட்டியின் தயவு இல்லாதிருந்தால் அவளும் அதே மடத்துக்குப் போயிருப்பாள். மனமாற்றத்துக்கு ஆவிகள் தேவைப்படவில்லை, அவன் பிறப்பே போதுமான காரணம். விலையும் கணக்கிடப்படுகிறது: அவனுக்கு ஐந்து மகள்கள், ஊரில் பெண் பிள்ளைகளுக்கான நல்ல பள்ளி அதே மடத்தின் கையில். குறை ஒன்று சொல்லலாம். அந்தப் பெண்ணோடு அவன் வீட்டை நெருங்கும்போது கதை நின்றுவிடுகிறது. கணக்கைக் கட்டப்போகும் மனைவி எய்லினின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. துணிவு கணவனுக்கு, அதன் தவணைகள் மனைவிக்கு என்ற பங்கீட்டை ஆசிரியர் உணர்ந்திருக்கிறார், எழுதவில்லை. அப்படியிருந்தும் மூன்று கேள்விகளுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல்லும் நூல் இதுவே.

தமிழில் என்ன இருக்கிறது? லப்பைக்குடிக்காட்டுக்குத் தெற்கே, பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர் இயற்றிய ‘தேம்பாவணி’ இருக்கிறது. 1726ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையை, வளன் என்ற பெயரில், காப்பியத் தலைவனாக்கியதே துணிவான தேர்வு. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூடப் பேசாத மனிதர் அவர். யூதேயாவை மருத நிலமாக்கிய நாட்டுப் படலத்தில் கம்பனைக் கற்ற கை தெரிகிறது. சிக்கல் கட்டுக்கோப்பில். கிளைக்கதைகள் பெருகிப் பெருகித் தலைவனை மறைக்கின்றன. வானவர் உதவி அடிக்கடி வந்து அவன் செயலுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஒரே ஒரு சூழலில் காப்பியம் முழுமையாக மனிதக் கதையாகிறது: மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்டு வளன் ஐயுறும் இடம். அன்புக்கும் அறத்துக்கும் நடுவே அவன் தவிக்கிறான். பழி கூறவும் மனமில்லை, பாராததுபோல் இருக்கவும் முடியவில்லை. கிறிஸ்துமஸ் கதையின் கரு பிறப்புக்கு முன்பே தொடங்கும் இந்தத் தவிப்பில் இருக்கிறது என்று முனிவர் கண்டுகொண்டது பெரிய சாதனை. கவிதையாக இது கரோலுக்கு மேலே நிற்கும். கதைக்கட்டில் கீழே நிற்கும்.

நம் நடுவர் இங்கே வெறுங்கையோடு வரவில்லை. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயர் கொண்டது. அங்கே சூசை இல்லை, மாட்டுத் தொழுவம் இல்லை, துணைக்கு யாருமே இல்லை. பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலி. இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்ற வேதனை. பிறகு காலடியில் நீரோடை, உலுக்கினால் உதிரும் கனி. அதன்பின் குழந்தையோடு ஊர் திரும்பினால் உறவினரின் பழிச்சொல். மறைநூலைப் புனைவின் தராசில் நிறுத்துவது நம் வேலை அல்ல. இந்த நிகழ்வை ஓதியும் கேட்டும் வளர்ந்த வாசகரின் எதிர்பார்ப்பு என்ன என்பதே கேள்வி. ஆறுதலுக்கு முன் வலி வரும், ஆறுதலுக்குப் பின்னும் ஊர் இருக்கும் என்று அறிந்தவருக்குப் பேக்கரி நாவலின் இதம் போதாது. ஃபர்லாங்கின் நடை உடனே புரியும்.

தமிழ் நாவலில் இந்தப் பருவ வகை வேரூன்றவில்லை. விழாக்கால வாசிப்பைத் தீபாவளி மலர்கள் எடுத்துக்கொண்டன. கிறிஸ்துமஸ் கீர்த்தனைகளுக்கும் தேவாலய நாடகங்களுக்கும் போயிற்று. ஆனால் இதமான முடிவைக் கடும் உழைப்பால் ஈட்ட முடியும் என்பதற்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) உண்டு. பனையேறும் தங்கராஜைத் திருமணம் செய்ய லிஸி கடந்தாக வேண்டிய தடைகள் தவறான புரிதல்கள் அல்ல; குடும்பப் பெருமையும் தொழில் இழிவும். மறுமுனையில், வெள்ளாற்றுக்கு அக்கரையில் இருக்கும் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). கத்தோலிக்கப் புதிரை வண்ணார் குடும்பத்தின் ஆரோக்கியம் வீடு வீடாகச் சோறெடுத்துப் பிழைக்கிறாள். நம்பிக்கை அவளைத் தாங்குகிறது, விடுவிக்கவில்லை. அந்த நாவல் இதம் தர மறுப்பது அதன் நேர்மை. ஆனால் மறுப்பதாலேயே ஒரு நூல் உயர்ந்துவிடாது. ‘புத்தம் வீடு’ தருவதாலேயே தாழ்ந்துவிடவும் இல்லை.

ஆகவே தீர்ப்பு. கிறிஸ்துமஸ் நாவல் இழிந்த வகை என்ற வாதம் நிற்காது. கரோலும் கீகனும் அதை முறியடிக்கிறார்கள். அது தன்னளவில் நல்ல வாசிப்பு என்ற வாதமும் நிற்காது. சில்வண்டு முதல் இன்றைய பேக்கரிக் கதை வரை பெரும்பாலானவை பண்டிகையின் கணக்கில் செலவு செய்பவை. தரவரிசையில் கீகனின் குறுநாவல் முதலில். கரோல் அதற்கு அடுத்து, தீர்வில் சறுக்கினாலும் கேள்வியில் சறுக்காததற்காக. தேம்பாவணியின் ஐயப் பகுதி தனி இருக்கையில். விடுமுறையில் சூத்திர நாவல் படிப்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதைக் கொண்டாடவும் ஒன்றுமில்லை. தமிழில் இந்த வகை எழுதப்படுமானால், அதற்குப் பனி தேவைப்படாது. விடுப்பு, கடன், ஊர்ப்பேச்சு ஆகிய மூன்றையும் கணக்கில் வைத்து, அதன் பிறகும் ஒருவர் கதவைத் திறப்பதற்கான காரணத்தைக் கதைக்குள்ளேயே காட்ட வேண்டும். அதைக் காட்டும் நாவல் எந்த மாதத்தில் வெளிவந்தாலும், எந்த மதத்தவர் படித்தாலும் தேறும்.